இரண்டாவது பொட்டு

நிரஞ்சன் உள்ளே நுழைந்ததும் வேலு கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. எழுந்த வேகத்தில் வலியில் முகம் சுருங்கியது. அதை மறைக்கச் சிரித்தார்.

"மன்னிச்சுக்க சார். வெளியூர்க்காரங்க முன்னால உன் மானத்தை வாங்கிட்டேன்."

அவர் மனைவி வேலம்மா ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டாள். "ஒரு வாரமா இதே பொலம்பல் சார். தூக்கத்துல கூட வண்டி ஓட்டிக்கினு கீது."

"ஏய், சும்மா கெட."

சாத்துக்குடிப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிரஞ்சன் மடியிலேயே வைத்துக்கொண்டான். தகரக் கூரை அனலாகக் கொதித்தது. பின்பக்கத்திலிருந்து அடையாற்றின் வாடை வந்தது. வேலு திட்டினால் தாங்கிக்கொள்ளத்தான் பஸ்ஸில் வரும்போது மனதைத் தயார் செய்திருந்தான். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

அவன் வேலை செய்யும் சின்னக் கம்பெனி ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் இருந்தது. முதலாளி ராஜகோபாலன், எஞ்சினியர்கள் ஹம்சினியும் அவனும், வண்டி ஓட்ட வேலு. ஒரு பழைய வேனில் ஸ்டீயரிங்கையும் சக்கரங்களையும் இணைக்கும் இரும்புத் தண்டைக் கழற்றிவிட்டு, அந்த வேலையை வயர்களிடம் கொடுத்திருந்தார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அதைச் சென்சார் படிக்கும். மோட்டார் சக்கரத்தைத் திருப்பும். தண்டு இல்லாத வண்டியில் ஒரு வயர் போனால் ஆளே போய்விடலாம் என்பதால் எல்லாவற்றிலும் இரண்டு வைத்தார்கள். ஒன்று செத்தால் கண் இமைக்கும் நேரத்தில் மற்றது பொறுப்பேற்க வேண்டும்.

சரிபார்க்கவும் இரண்டு பேர். ஹம்சினி வயர்களின் கனெக்டர்களை மாட்டி ஒவ்வொன்றின் மேலும் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பாள். பிறகு அவன் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, பக்கத்தில் இரண்டாவது பொட்டு வைக்க வேண்டும். இரண்டாவது ஆள் அசந்துவிடக் கூடாதே என்று அவள் ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தாள். ஏதாவது ஒரு கனெக்டரை வேண்டுமென்றே அரைகுறையாக மாட்டி, அதற்கும் பொட்டு வைத்துவிடுவாள். ஒவ்வொரு முறையும் அவன் கண்டுபிடித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு எடமா? வேற எங்கயாவது ஒளிச்சு வெக்கப்படாதா?" என்று அவளைச் சீண்டுவான்.

விபத்து நடந்த அன்று திருவான்மியூரில், வீடுகள் வராத மனைகளுக்கு நடுவே இருந்த சாலையில், சோதனை ஓட்டத்தைப் பார்க்கப் பூனாவிலிருந்து வந்தவர்கள் நேரத்துக்கு முன்பே குடை பிடித்து நின்றார்கள். வேனுக்குள் மல்லாந்து கிடந்த நிரஞ்சனின் கண்ணில் வியர்வை இறங்கியது. ராஜகோபாலன் மறுபடியும் கூப்பிட்டார். அவன் எதையும் இழுத்துப் பார்க்காமல் பொட்டு வைத்துக்கொண்டே போனான். முடித்து எழுந்தபோது ஹம்சினி குனிந்து கேட்டாள்.

"கிடைச்சுதாடா?"

"கிடைச்சுது."

எங்கே என்று அவள் கேட்கவில்லை.

வளைவில் ராஜகோபாலன், இரண்டாவது மோட்டார் பொறுப்பேற்பதைக் காட்டுவதற்காக, முதல் மோட்டாரின் இணைப்பைத் துண்டித்தார். இரண்டாவது உயிர்பெறவில்லை. வேலு ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பியும் சக்கரங்கள் நேராகவே போய், பிரேக் பிடிப்பதற்குள் மதில்சுவர் வந்துவிட்டது. டிரைவர் பதறிவிட்டான் என்று ராஜகோபாலன் வந்தவர்களிடம் சொன்னதை, மணிக்கட்டைப் பிடித்தபடி வேலுவும் ஆமோதித்தார். "ஆமா சார், கை தப்பாயிடுச்சு."

எல்லோரும் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நிரஞ்சன் வேனுக்குள் தலையை விட்டான். பாதி வெளியே நின்ற கனெக்டரை ஒரு விரலால் உள்ளே அழுத்தினான். டிக் என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் வெளியே கேட்டிருக்குமோ என்று பயந்ததுதான் அவனை இப்போதும் குறுக வைத்தது. அந்த நேரத்தில் வேலுவைப் பற்றிய நினைப்பே அவனுக்கு வரவில்லை.

அவன் 'கிடைச்சுது' என்றதை நம்பி, ஹம்சினி ஒரு வாரமாகத் தன் புரோகிராமில் இல்லாத தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ராஜகோபாலன் வேறு டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலு அண்ணே," என்றான் நிரஞ்சன். "உங்க கை தப்பில்ல. ஒரு வயர் லூசா இருந்துது. நான் பாக்கவே இல்ல. பாத்தேன்னு பொய் சொல்லிட்டேன். அப்பறம் யாருக்கும் தெரியாம நானே சரி பண்ணிட்டேன்."

வேலு அவனையே பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"பாத்தியா, இன்னா மன்சன்! என் வேலை பூடப் போவுதுன்னு பழியைத் தன் தலைல போட்டுக்கிறாரு."

"இல்லண்ணே, நெஜமாத்தான்..."

"யாருகிட்ட நைனா? நீ பொட்டு வெச்சதை நான் பாத்துக்கினுதானே இருந்தேன். ஒண்ணு வுடாம வெச்ச."

வேலம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெத்த மகராசி நல்லா இருக்கணும்."

நிரஞ்சன் சாத்துக்குடிப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தான். "நான் இப்பவே போய் சார்கிட்ட சொல்லப்போறேன்."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம். உன் பொழப்பைக் கெடுத்துக்காத. அடுத்த மாசம் கட்டைப் பிரிச்சுருவாங்க, வேலு வந்துருவான்னு மட்டும் சொல்லு, போதும்."

வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் மெயின் ரோடு வரை கூடவே வந்தார். கம்பெனிக்குப் போகும் பஸ் எதிர்ப்பக்கம்தான் நிற்கும். லாரிகளும் ஆட்டோக்களும் இடைவெளி விடாமல் பாலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. வேலு சட்டென்று சாலையில் இறங்கி மாவுக்கட்டுக் கையை உயர்த்தினார். ஒரு பல்லவன் பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"யோவ், வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?" என்று கத்தினார் அதன் டிரைவர்.

"தோ, ஒரு நிமிசம் வாத்யாரே! நம்ம எஞ்சினியர் போறாரு."

நிரஞ்சன் நடைபாதை விளிம்பில் நின்றான். ஹாரன்கள் அலறின. நடுரோட்டில் அந்த வெள்ளைக் கை, வெயிலில், அவனுக்காக உயர்ந்தே நின்றது.