வேர் கூப்பிட்ட சுடுமல்லி

அபோண்டியின் மக்காச்சோளம் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. இலையெல்லாம் வெளுத்துச் சுருண்டு கிடக்க, காலடியில் சுடுமல்லிக் களை மட்டும் ஊதா நிறத்தில் ஜம்மென்று பூத்திருந்தது. ஏரிக்கரை ஊர்க்காரர்களுக்குக் காரணம் தேடவா வேண்டும்? மூத்த மனைவி விதைக்கும் முன்னே இளைய மனைவி விதைத்தால் சிரா என்ற சாபம் பிடிக்கும், அவ்வளவுதான். மழை இறங்கிய அன்று மூத்தவள் யூனியா பிறந்த வீட்டில் இருந்தாள். அபோண்டி பொறுக்கமாட்டாமல் விதைத்துவிட்டாள். இப்போது அவள் கைக்குழந்தைக்கும் காய்ச்சல்.

"முறை கெட்டவள வீட்ல வச்சிருந்தா நம்ம எல்லாரையும் பிடிக்கும். பிள்ளையத் தூக்கிக்கிட்டு அவ அப்பன் வீட்டுக்கே போகட்டும்," என்றான் கணவனின் அண்ணன் ஒபோன்யோ. கணவன் ஒகோலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேறு எதற்குத்தான் அவன் லாயக்கு!

போன வருஷம் ஒகோலா அபோண்டியின் குடிசைக்குத் தகரம் போட்டுக் கொடுத்தான். அந்த எரிச்சலில், தன் காட்டில் பிடுங்கிய சுடுமல்லியைப் பூவும் காயுமாக வரப்பைத் தாண்டி அபோண்டியின் காட்டுக்குள் வீசியவள் யூனியாதான்.

பயிரைப் பார்க்க வந்திருந்த விவசாய ஆபீசர் நெகேசா ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினாள். "சாபமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கேரட்டுக்கு நிறம் குடுக்குதே ஒரு பொருள், அத நறுக்கித்தான் வேர் ஒரு ஹார்மோன் செய்யுது. மண்ணுல சத்து குறைஞ்சா நிறையச் செய்யும். அதிகமாக் கிளை விடாதன்னு செடிய அடக்குறதும் அதுதான், சத்து கொண்டுவர்ற பூஞ்சைய மண்ணுல கூப்பிடுறதும் அதுதான். அந்தக் கூப்பாடு மண்ணுல கிடக்குற சுடுமல்லி விதைக்கும் எட்டிடுது. முளைச்சு வந்து வேர்லயே வாய வச்சிடுது."

"விதையே இல்லேன்னா?" யூனியா கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்புறம் எவ்வளவு கூப்பிட்டாலும் யார் வரப்போறா?"

"ஆபீசரம்மா படிச்சதச் சொல்லுது. முறை முறைதான்," என்றான் ஒபோன்யோ.

"நான்தான் விதைக்கச் சொன்னேன்!" யூனியா சட்டென்று சொன்னாள். "மழை வந்தா எனக்காக நிக்காதடின்னு சொல்லிட்டுத்தான் போனேன்."

மூத்தவளே உத்தரவு கொடுத்திருந்தால் அப்புறம் முறை மீறல் ஏது? ஒபோன்யோ முணுமுணுத்துக்கொண்டே தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "சக்களத்திக்கு இப்படி ஒரு மனசா!" என்று பெண்கள் வாய்விட்டுப் புகழ்ந்தார்கள். யூனியா கூனிக் குறுகிப்போனாள்.

சாயங்காலம் அபோண்டியின் காட்டில் சக்களத்திகள் இருவரும் சேர்ந்து சுடுமல்லியைப் பிடுங்கினார்கள். அபோண்டிக்குக் கண்ணீர் நிற்கவில்லை. "எனக்காகப் பொய் சொன்னீங்களே அக்கா. கூடப் பிறந்தவகூட இப்படிச் செய்யமாட்டா."

யூனியா குனிந்தபடியே அடுத்த செடியைப் பிடுங்கினாள்.

அபோண்டி கை நிறைய அள்ளிக்கொண்டு நின்றாள். "இத எங்கக்கா போடுறது? போன வருஷம் நீங்க பிடுங்குனத எங்க போட்டீங்க?"

யூனியா நிமிர்ந்தாள். அபோண்டியின் முதுகில் குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"இங்கதான்டி போட்டேன்," என்றாள்.