மாப்பிள்ளை வழக்கும் ஒரு மூக்கும்

1

ஒரு தும்மலில் பிறந்த கதை இது.

(என் கதைகள் வழக்கமாகப் பிணத்தில்தான் பிறக்கும். வாராவாரம் யாரையாவது தீர்த்துக்கட்டித்தான் நான் வீட்டு வாடகை கட்டுகிறேன். இந்த முறை கையில் சிக்கியது தும்மல்.)

தும்மியவள் என் மனைவி. தும்மிய இடம், நகரப் பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கி. அங்கே அவள் அறிவிப்பாளர். நடைமேடைகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எங்கே நிற்கிறது, எது கிளம்பப்போகிறது என்று மைக்கில் சொல்ல வேண்டும். பதிவு செய்த குரல் இல்லை. சுடச்சுட அவளே பேசுவது. ஆகவே அன்று காலை அவள் தும்மியபோது, நிலையத்திலிருந்த ஒலிபெருக்கிகள் அத்தனையும் சேர்ந்து தும்மின. ஒரு குழந்தை வீறிட்டது. ஓர் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார்.

காரணம், எங்கள் வீட்டுப் பூனை.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'இருட்டில் அந்த உருவம் மெல்ல நகர்ந்தது. அதன் பச்சைக் கண்கள்—'

அடித்துவிட்டேன். எங்கள் பூனை மெல்ல நகராது. நகரவே நகராது.

இரண்டாவது முயற்சி: 'ஆறடி உயரத் துப்பறிவாளன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு—'

"யாருங்க இந்த ஆறடி ஆளு?"

மனைவி முதுகுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"கதாநாயகன். பூனைன்னா அலர்ஜி."

"தும்முறது நானு, பேர் வாங்குறது அவனா?"

"இல்ல, வாசகர்கள் கொஞ்சம் விறுவிறுப்பா எதிர்பார்ப்பாங்க..."

"நான் மூக்கடைச்சு ராத்திரியெல்லாம் வாயால மூச்சு விடுறேனே, அதவிட விறுவிறுப்பு என்ன வேணும் உங்களுக்கு?"

ஆறடி ஆளைச் சத்தமில்லாமல் தீர்த்துக்கட்டினேன். இனி அவள்தான்.

3

பூனைக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தவர் என் அப்பா. "நினைச்சா வர்றான், வச்சதைத் தின்றான், நல்ல நாற்காலியாப் பாத்து உக்காந்துக்கறான், நம்மகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான். வேற என்ன பேர் வைக்கிறது?"

அந்த மாப்பிள்ளைக்கு மயிர் உதிர்க்க என் மடி கிடையாதா? அப்பாவுடையது? பள்ளிக்கூடம் விட்டதும் கட்டிப்பிடிக்க ஓடிவருகிற என் மகளுடையது? எதுவும் வேண்டாம் அதற்கு. வீட்டில் யாருக்கு ஒவ்வாமையோ அவள் மடிதான் வேண்டும். அவளும் விடமாட்டாள். மறுநாள் அறிவிப்புகளை அதற்குத்தான் முதலில் படித்துக் காட்டுவாள். எந்த ஊர்ப் பேரையாவது தப்பாக உச்சரித்தால் அது காதை மடக்கும் என்பாள். [இதை நான் நம்பவில்லை. ஆனால் காது மடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.]

இப்போது வில்லன். நிலைய மேலாளருக்கு முதல் வரைவில் கன்னத்தில் ஒரு தழும்பு கொடுத்திருந்தேன். குரலில் கொஞ்சம் விஷம். ஆனால் அந்த மனிதர் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நிஜத்தில் அவர் தழும்பில்லாதவர். அலுவலக ஜன்னலில் செடி வளர்ப்பவர். பயணிகளின் புகாருக்குப் பதில் சொல்லியே தேய்ந்தவர். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"இதோட எத்தனையாவது தடவை? எனக்கே சங்கடமா இருக்கும்மா. இனி மைக்கில ஒரு தும்மல் கேட்டுச்சுன்னா, உங்களைத் தொலைஞ்ச சாமான் கவுன்டருக்கு மாத்துறதத் தவிர எனக்கு வேற வழியில்ல."

தழும்புள்ள வில்லன் சொல்லியிருந்தால் இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

தொலைந்த குடைகளுக்கு நடுவே அவளை உட்காரவைத்துப் பார்க்க என் கற்பனைக்கே துணிச்சல் வரவில்லை. அந்தக் குரல்தான் அவள்.

4

மருத்துவர் ஒரு சோதனை சொன்னார். பூனையைக் கொஞ்ச நாள் வேறு வீட்டில் விடுங்கள். வீட்டைச் சுத்தமாகக் கழுவுங்கள். தும்மல் நின்றால் குற்றவாளி பூனைதான். பிறகு அது திரும்பிவர வேண்டாம். நிற்காவிட்டால் வேறு காரணம் தேடுவோம்.

மாப்பிள்ளை கூடையில் ஏறி மச்சினன் வீட்டுக்குப் போனது. மனைவியின் தம்பி அவன்; இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி சைக்கிள் கடை வைத்திருக்கிறான். வழியனுப்பும்போது அவள் அழவில்லை.

"எனக்கு மைக்கும் வேணும், மாப்பிள்ளையும் வேணும். ரெண்டுல ஒண்ணுன்னு யாரும் என்கிட்டப் பேசாதீங்க. சோதனை முடியட்டும்" என்றாள்.

வீட்டைக் கழுவினோம். திரைச்சீலை, மெத்தை உறை, நாற்காலியின் இடுக்கு என எதையும் விடவில்லை. அப்பா ஒரு பழைய பல்துலக்கியை வைத்துக்கொண்டு சோபாவின் தையலைத் தேய்த்தார்.

வீட்டில் தும்மல் நிற்கவில்லை.

5

(என் தொழிலில் இதற்குப் பெயர் முடிச்சு. எழுதும்போது இனிக்கும். அதற்குள் குடியிருந்து பார்த்தால்தான் தெரியும்.)

"அப்ப மாப்பிள்ளை நிரபராதி!" என்று மகள் குதித்தாள். குதித்து முடித்ததும் அவள் பார்வை என் அலமாரியில் போய் நின்றது. சிறுவயது முதல் நான் சேர்த்துவைத்த வாரப் பத்திரிகைகள், கூரை வரைக்கும்.

"அப்பா, அந்தத் தூசிதான்."

"தூசியா? அதுங்களைப் படிச்சுத்தான்டி உங்கப்பன் எழுத்தாளனே ஆனான்."

"அதனாலதான் சொல்றேன், எடைக்குப் போட்டுடலாம்" என்றார் என் அப்பா, கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

இங்கே கதைசொல்லி ஒரு சிக்கலில் மாட்டுகிறான். உண்மையைச் சொன்னால் பூனை போகும். மறைத்தால் பத்திரிகைகள் போகும். என்ன உண்மை என்கிறீர்களா? அது, நான் மச்சி—

[இல்லை. இந்த இடத்தில் நான் சொல்லிவிட்டால் அடுத்த காட்சி செத்துவிடும். அதை அவளே சொல்லட்டும்.]

6

குற்றம் நடந்த வீட்டின் கூடம். சந்தேகத்துக்குரியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். துப்பறிபவர் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நிற்கிறார். இந்தக் காட்சியை எத்தனை தொடர்களில் எழுதியிருப்பேன்! வரிசையில் நான் நிற்பேன் என்று மட்டும் ஒருபோதும் நினைத்ததில்லை.

சாயங்காலம் நாங்கள் மூவரும் வீடு திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, நீங்க இங்க நில்லுங்க. நீ தாத்தா பக்கத்துல. ஏங்க, நீங்க எங்க நழுவுறீங்க? அந்த ஓரம்" என்றாள் மனைவி.

முதலில் மகளின் முன்னால் வந்து நின்றாள். மூக்கு நுனி துடித்தது. ஒரு தும்மல்.

"டியூஷனா?"

மகள் தரையைப் பார்த்தாள்.

அடுத்து அப்பா. "நான் சும்மா ஒரு நடை—" தும்மல். "தம்பி வீட்டு வரைக்குமா மாமா நடந்தீங்க? முட்டிவலின்னீங்களே?"

கடைசியில் நான். "பத்திரிகை ஆபீஸ்ல அத்தியாயம் குடுத்துட்டு நேரா..." அவள் கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். தும்மல். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"மடியில வச்சிருந்தீங்க. அதுவும் ரொம்ப நேரம்."

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்றாள் மகள்.

"ட்யூட்டில இருக்கும்போது எனக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு வந்தாலும் ஒண்ணும் இல்ல. நீங்க ஒவ்வொருத்தரா வாசல்ல நுழையுறப்பதான் ஆரம்பிக்குது. அப்புறம், திருட்டுத்தனமாப் போறவங்க நான் உக்காந்திருக்கிற பஸ் ஸ்டாண்டுலயா போய் பஸ் ஏறுவாங்க? தூண் மறைவுல நின்னா போதுமா? நீங்க ஏறுன பஸ்ஸ அறிவிச்சதே நான்தான்!"

அப்பா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். எங்களில் அவர்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னார்.

"அப்படின்னா... பூனைதான் காரணம்னு ஆயிடுச்சேம்மா."

பிரிந்திருக்க முடியாமல் ஓடி ஓடிப் போய்ப் பார்த்து, மாப்பிள்ளைக்கு எதிரான சாட்சியத்தை எங்கள் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். மகளின் உதடு பிதுங்கியது.

"இருங்க. இன்னும் ஒரு குற்றவாளி பாக்கி" என்றாள் மனைவி. தன்னையே கைகாட்டினாள்.

"நேத்துக் காலையில ட்யூட்டிக்கு முன்னாடி நானும் போனேன். ஆசை தீர மடியில போட்டுக்கிட்டேன். அப்புறம் அங்கயே தலைக்குக் குளிச்சேன். துவைச்சு உறையில போட்டு எடுத்துட்டுப் போன துணிய மாத்தினேன். டாக்டர் குடுத்த ஸ்ப்ரே அடிச்சேன். மைக் முன்னாடி போய் உக்காந்தேன். சாயங்காலம் வரைக்கும் ஒரு தும்மல் இல்ல!"

(வாசகரே, இந்தத் திருப்பம் என்னுடையதில்லை. பொறாமையில் என் பேனாவே கொஞ்சம் நடுங்கியது.)

7

மருத்துவர் முழுதும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "அனுப்பிடுங்கன்னு சொல்றது எனக்குச் சுலபம். நீங்க இவ்வளவு தூரம் யோசிச்சு வந்திருக்கீங்க. செஞ்சு பாருங்க. ஆனா நெஞ்சுல இழுப்பு வந்துச்சுன்னா உடனே என்கிட்ட வரணும், பூனை மேல பாசம் அது இதுன்னு கதை சொல்லக்கூடாது."

"கதை சொல்றது இவர் வேலை டாக்டர்" என்றாள்.

மாப்பிள்ளை திரும்பி வந்தது. கூடையை விட்டு இறங்கி, எங்களை ஏறிட்டும் பார்க்காமல் தன் நாற்காலிக்குப் போனது. அன்றிலிருந்து சட்டம்: படுக்கையறைக் கதவு அதற்குத் திறக்காது. வேலைக்கான உடை நிலையத்து அலமாரியிலேயே இருக்கும். அப்பா வாசற்படியில் வைத்து அதற்குத் தலை வாருவார். அத்தனை கொலைகளை எழுதிய இந்தக் கை திரைச்சீலை துவைக்கும்.

8

அந்த மழை நாள்.

பாலத்தை மூடிவிட்டார்கள். எல்லாத் தடமும் மாறியது. நிலையத்தின் மின்பலகை அணைந்துபோனது. குழந்தைகளும் மூட்டைகளுமாக நடைமேடை முழுக்க ஜனம். குடையோடு அவளைக் கூப்பிடப் போன நாங்கள் மூவரும் கூட்டத்தில் சிக்கினோம். கண்ணாடி அறைக்கு வெளியே மேலாளர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அன்று காலை மாப்பிள்ளை அவள் மடியை விட்டு இறங்கவே இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

அவள் தொடங்கினாள். எந்தப் பேருந்து எந்த வழியாகப் போகும், எந்த ஊர்க்காரர் எந்த நடைமேடைக்கு மாற வேண்டும், யார் அவசரப்பட வேண்டியதில்லை. தெளிவாக, நிதானமாக. கூட்டம் பிரிந்து பிரிந்து நகரத் தொடங்கியது.

நடுவில் நிறுத்தினாள்.

ஒலிபெருக்கிகளில் மழை மட்டும். மகள் என் விரல்களை நசுக்கினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மேலாளர் கண்ணாடியில் நெற்றியை வைத்தார்.

[வாரப் பத்திரிகையாக இருந்தால் இந்த இடத்தில் கத்தரித்து, உங்களை ஒரு வாரம் தவிக்கவிட்டிருப்பேன். இன்று அந்தக் கொடுமையைச் செய்ய எனக்கே மனசில்லை.]

ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். தொடர்ந்தாள்.

கடைசி ஊர்வரை படித்தாள். கடைசிப் பேருந்து வரை கிளம்பியது. சுமை தூக்குபவர் ஒருவர் கைதட்ட, யார் யாரோ சேர்ந்துகொண்டார்கள். ஓர் ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். மேலாளர் கதவைப் பாதி திறந்து, "மைக் உங்களோடதும்மா. இனி இதப்பத்தி நான் பேசமாட்டேன்" என்றார்.

என் அப்பா பக்கத்தில் நின்ற ஆளைப் பிடித்துச் சொன்னார்: "என் மருமக. வீட்டுல பூனை வேற இருக்கு!" அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கைகுலுக்கினார்.

9

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் அவளுக்கு ஒவ்வாமை அடியோடு போய்விடுகிறது. பொய். கிழித்தேன். இன்னொன்றில் பூனை தானாகவே வீட்டைவிட்டுப் போய்விடுகிறது. வரைவை மகள் படித்துவிட்டு ஒரு வேளை என்னோடு பேசவில்லை. கிழித்தேன்.

மூன்றாவது இது: மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் எங்களைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் முகத்துக்குக் கொண்டுபோனாள். தோள் குலுங்கியது. அடக்கிவைத்திருந்த தும்மலா, அழுகையா, சிரிப்பா என்று—

"வெளியில வந்ததும் சொன்னேன்ல, என்னன்னு? எழுதிடாதீங்க" என்கிறாள், இந்த வரியையும் முதுகுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டு. "அது மைக் அணைஞ்சதுக்கு அப்புறம் நடந்தது. அது எனக்கு."

ஆகவே அந்த வாக்கியத்தை அப்படியே விடுகிறேன். உங்களுக்குப் பிடித்ததைப் போட்டு முடித்துக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும், அவள் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்ததும் மாப்பிள்ளை மடியில் ஏறிவிட்டது. அதை மட்டும் மாற்ற உங்களுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.