மூன்றாவது பெட்டி

ரஸ்ஸலுக்கு இரண்டு வாரம் வடக்கே சுரங்கத்தில் வேலை, ஒரு வாரம் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வீடு. அந்த ஒரு வாரந்தான் மகள் ஜார்ஜி அம்மா வீட்டிலிருந்து வந்து அவனோடு இருப்பாள். போன தடவை கிளம்பும்போது, தனக்குப் பதினாறு வயதாகிவிட்டதால் இனி எங்கே இருப்பது என்று தானே முடிவு செய்யப்போவதாகச் சொன்னாள். இங்கே என்ன குறை என்று கேட்டான்.

"என் ரூம்ல வைஃபை எடுக்கவே மாட்டேங்குதுப்பா."

மனிதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவி பிரிந்து போனதற்கு அவனிடம் மருந்து இல்லை. இதற்குக் கடையில் இருந்தது.

சுரங்க முகாமில் சாப்பாட்டு மேசையில் தினமும் இதே பேச்சு. மெஷ் வைஃபை போடு, அறைக்கு அறை பெட்டி வைத்தால் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி வீடு முழுக்கக் கொடுக்கும் என்றார்கள். எந்தக் கம்பெனி என்பதில் ஆளாளுக்கு அடித்துக்கொண்டார்கள். ரஸ்ஸல் இதற்குமுன் இவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டது மகளுக்குப் பெயர் வைத்தபோதுதான்.

ஊர் திரும்பியதும் நேரே கடைக்குப் போனான். மூன்று படுக்கையறை வீட்டுக்கு இரண்டு போதும் என்று அட்டையில் போட்டிருந்தது. கடைக்காரப் பெண் சுவரைப் பற்றி விசாரித்தாள். உள்சுவரும் செங்கல்தான் என்றான்.

"அப்ப அட்டைல இருக்கறத நம்பாதீங்க. அது பலகைச் சுவர் கட்டுற கிழக்கத்திக்காரங்களுக்கு எழுதுனது. நம்ம ஊருக்கு மூணு வேணும்."

மூன்றாவதை ஜார்ஜியின் அறையில் வைத்தான். அங்கே எப்போதும் ப்ளக் செருக இடமே இருக்காது. இன்று எல்லாம் காலி. மேசை விளக்கு இல்லை, ஸ்பீக்கர் இல்லை, மூலையில் கிடக்கும் நெட்பால் ஷூவும் இல்லை. நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷமாகச் செருகினான், மடையன்.

ஞாயிறு மதியம் அவள் ஒரு பெரிய பையோடு வந்தாள். ரஸ்ஸல் போனை நீட்டி எல்லாக் கோடும் நிற்பதைக் காட்டினான். கட்டிலுக்கு அடியில்கூட எடுக்கிறது என்று மண்டியிட்டுக் காட்டினான்.

"எழுந்திருப்பா," என்றாள் ஜார்ஜி. "வைஃபை இல்ல. நீ கேட்ட, ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னேன்."

வேறு என்ன சொல்லு, அதையும் சரிசெய்கிறேன் என்றான். சரிசெய்ய ஒன்றுமில்லை என்றாள். தோழிகள், விளையாட்டு எல்லாம் அம்மா வீட்டுப் பக்கமாம். இங்கே விருந்தாளி மாதிரி இருக்கிறதாம். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பை காலியாக வந்திருந்தது. அலமாரியில் மிச்சமிருந்த துணிகளை எடுத்து அதில் அடுக்கினாள். அவளை அழைத்துப்போக வாசலில் கார் வந்து நின்றது. கிளம்பும்போது வைஃபை பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்து நின்றாள்.

"இதத் திருப்பிக் குடுத்துடலாம்ல? பில் வெச்சிருக்கியா?"

பில் அவன் சட்டைப்பையில் இருந்தது.

"தொலைச்சுட்டேம்மா," என்றான்.