ஆசிரியர் பட்டியலில் நாலாவது பெயர்

சிந்துவுக்கு எம்.எஸ்சி. நர்சிங் படிக்க வேண்டும், அதுவும் மகப்பேறு பிரிவில்தான். பெரம்பலூரில் அவள் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில் போன வைகாசியில் ஜோதி என்ற பெண், பிள்ளை பெற்ற கையோடு உதிரம் நிற்காமல் இறந்துபோனாள். டாக்டர் வந்து சேர இருபது நிமிடம். அதற்குள் சிந்து தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். தெரிந்தது போதவில்லை.

அரசுக் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. சான்றிதழ் சரிபார்க்கும் இடத்தில்தான் வினை. ஓராண்டு வேலை பார்த்த அனுபவம் கேட்டார்கள். மருத்துவமனைச் சான்றிதழை நீட்டினாள். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா அரியலூர் நர்சிங் காலேஜ்ல டீச்சரா இருக்கீங்கன்னு பதிவாயிருக்கே. ஒரே நேரத்துல ரெண்டு ஊர்ல எப்படிம்மா வேல பாத்தீங்க?"

அப்போதுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் மேட்ரன் பாக்யலட்சுமிதான் கூப்பிட்டுச் சொன்னாள்: "நம்ம முதலாளியோட மச்சான் காலேஜுல இன்ஸ்பெக்ஷனாம். சேலை கட்டிக்கிட்டுப் போயி டீச்சருங்க மாதிரி ஒரு நாள் நின்னுட்டு வந்துடுங்க." சொல்வது மேட்ரன், மாட்டேன் என்று எந்த நர்ஸ் சொல்வாள்? ஐந்து பேர் வேனில் அரியலூர் போனார்கள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நின்றார்கள், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்கள், பிரியாணி தின்றார்கள். திரும்பும் வழியெல்லாம் ஒரே சிரிப்பு. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குத் தலைகாட்டிவிட்டு வந்தது மாதிரிதான் அவர்களுக்கு இருந்தது.

அங்கே அவள் வேலை பார்க்கவில்லை என்று மூன்று நாளில் கல்லூரி எழுதித் தந்தால் இடம் நிற்கும் என்றார் அதிகாரி.

மறுநாள் காலையே அரியலூர் பஸ் ஏறினாள். கல்லூரி முதல்வர் சாமிதுரை நல்ல மனிதர் போலத்தான் பேசினார். டீகூட வரவழைத்தார்.

"அப்படி எழுதிக் குடுத்தா காலேஜ மூடிப்புடுவாங்கம்மா. உன் நர்ஸ் பதிவும் போயிடும். கையெழுத்து உன்னோடதுதானே?"

அவளுடையதுதான்.

"அந்த சீட்ட விட்டுடு. இங்கயே எம்.எஸ்சி. சேந்துக்க. கிளாஸுக்கெல்லாம் வர வேணாம். நீ பாட்டுக்கு வேலைக்குப் போ, ரெண்டு வருசத்துல பட்டம் கையில இருக்கும்."

"எனக்கு நெசமாவே படிக்கணும் சார். பிரசவப் பாடம் இங்க யாரு எடுக்கறாங்க?"

அவர் ஆசிரியர் பட்டியலை அவள் பக்கம் தள்ளினார். நாலாவது வரியில் அவள் பெயர், அவள் படம், எதிரே மகப்பேறு.

"அப்ப இங்க படிச்ச பிள்ளைங்களுக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தது?"

"அதுங்களுக்கென்ன, எல்லாம் பாஸு. ஏழு பேரு இந்த மாசம் உங்க ஆஸ்பத்திரிக்கே வேலைக்கு வருதுங்க. பிரசவ வார்டுக்குத்தான்."

எம்.எஸ்சி. விண்ணப்பத்தையும் பேனாவையும் எடுத்து வைத்தார். எழுந்து போய் அந்த அதிகாரியிடம் உள்ளதைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். பயமாக இருந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.