நடுவருக்கு நீட்டிய தண்ணீர்

எங்கள் லூட்கன்புரூக் கிராமத்தில் மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம். அதில் பாதி கெர்ட் டாப்பஹோர்னுடையவை. அவற்றின் சாணியையும் மூத்திரத்தையும் கரைத்து, எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு மேட்டில் இருக்கும் வயலில் உரமென்று டேங்கர் டேங்கராகக் கொட்டுகிறான். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பால்பவுடர் கலக்கிக் கொடுத்துத்தான் என் கைக்குழந்தை யெட்டேயின் உதடு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரியில் எப்படியோ பிழைக்க வைத்தார்கள். தண்ணீரில் பன்றிக்கழிவு இறங்கியிருக்கிறது, இனி ஒரு சொட்டும் கொடுக்காதே என்றார் டாக்டர்.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "அவன் அங்க கொட்டறத நிறுத்தச் சொல்லுங்க" என்றேன்.

"ஏன், கடையில பாட்டில் தண்ணி வாங்கத் தெரியாதா உனக்கு?" என்றாள் ஊர்த்தலைவி ராய்ன்ஹில்ட். எல்லோரும் சிரித்தார்கள். திருவிழா பீரெல்லாம் டாப்பஹோர்ன் செலவு. சிரிக்காமல் என்ன செய்வார்கள்? தூ!

'அழகான கிராமம்' போட்டிக்கு நடுவர்கள் வந்தார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி வைத்துவிட்டு ஊரே பல்லை இளித்துக்கொண்டு நின்றது. அந்த வாரம் மட்டும் டாப்பஹோர்ன் வயலில் எதுவும் கொட்டவில்லை. அப்படியும் நாற்றம் போகவில்லை. "என்னா காத்து பாருங்க!" என்று ராய்ன்ஹில்ட் மூச்சை இழுத்துக் காட்டினாள்.

கிணற்றுத் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்துப் போய் நடுவர்களில் இளையவளிடம் நீட்டினேன். "எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணிங்க." அவள் வாய்க்குக் கொண்டுபோகும்போது நானே பிடுங்கி, எல்லோர் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைப்பதாக இருந்தேன்.

டாப்பஹோர்ன் முந்திக்கொண்டான். பாய்ந்து வந்து டம்ளரைத் தட்டிவிட்டான்.

"ஐயோ, தூசி விழுந்திருந்துச்சுங்க" என்று வழிந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் ராய்ன்ஹில்ட் கண்ணைக் காட்ட, வரவேற்புக்கு நின்ற பேண்டுக்காரர்கள் ஊதித் தள்ளினார்கள். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. நடுவர்கள் பீரும் கையுமாக அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள்.

டாப்பஹோர்னின் சட்டையைப் பிடித்தேன். "தூசியா? எதுக்குடா தட்டிவிட்ட?"

"கத்தாத ஹில்கே. அவ வயித்தப் பாக்கலையா நீ? மாசமா இருக்கா. அந்தத் தண்ணி பிள்ளைக்கு ஆகாதுல்ல?" ஏதோ புண்ணியம் செய்துவிட்டவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப என் பிள்ளை?"

அவன் என் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

"அவங்க வெளியூர்க்காரங்க, கேஸு கீஸுன்னு போயிருவாங்க. நீ நம்ம பொண்ணு. அனுசரிச்சுக்குவ."