சிவக்காத கை

நீலத் தீயைக் காரின் முன்கையில் காட்டியபடி, அது சிவப்பதற்காகக் காத்திருந்தார் நிமிர்த்தி. சிவக்கவில்லை. கேஸ் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார். அலுமினியம் அப்போதும் பாத்திரக் கடையில் அடுக்கிவைத்த புதுக் குண்டான் மாதிரி, தனக்கு ஒன்றும் நடக்காதது போல வெளுப்பாகவே இருந்தது.

"என்ன மச்சான், இதுக்கு வெக்கமே வராது போல" என்றான் பக்கத்தில் குந்தியிருந்த தங்கை புருஷன்.

"வரும், வரும். புது மனுஷனைப் பார்த்துக் கூச்சப்படுது."

நிமிர்த்தி என்பது ஊர் வைத்த பேர். வளைந்த கதவு, நசுங்கிய பஸ், லாரி இடித்த இரும்புக் கேட், எது வந்தாலும் நிமிர்த்திவிடுவார். "எங்க வீட்டுக்காரரையும் ஒருநாள் அனுப்பி வைக்கிறேன், கொஞ்சம் நிமிர்த்திக் குடுங்க" என்று எதிர்வீட்டுக்காரி கேலி செய்வாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அந்தப் பட்டறையில் அவர் கற்ற பாடமெல்லாம் இரும்பு சொல்லிக்கொடுத்தது. இரும்பு சூடேறினால் முகத்தில் காட்டும். முதலில் கன்றும், பிறகு சிவக்கும், சிவந்தால் இளகும். கை வைக்க வேண்டிய நேரத்தை அதுவே சொல்லும்.

இந்த வண்டியின் முன்னால், எஞ்சினுக்கு இரு பக்கமும் இரண்டு நீளக் கைகள். வண்டி எதிலாவது மோதினால் அடியை முதலில் வாங்க வேண்டியவை அவைதான். போன வாரம், முன்னால் நின்றிருந்த லாரி பார்க்காமல் பின்னால் வந்து இடித்ததில் இடது கை உள்பக்கமாக வளைந்துவிட்டது. கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது நிமிர்த்துற சாமான் இல்லீங்க, மாத்துற சாமான்" என்றானாம். மாற்றலாம் என்றால், இந்த மாடலுக்குச் சாமான் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். உடைசல் கடைகளில் தேடினால் கிடைத்ததெல்லாம் முன்பக்கம் அடிபட்ட வண்டிகள். அடிபடாத வண்டி அங்கே எதற்கு வரப்போகிறது?

"அவங்க பெரிய ஆளுங்க, அப்படித்தான் சொல்லுவாங்க. நீ வா" என்று கூப்பிட்டது நிமிர்த்திதான். தங்கை போனில் அழவில்லை. "மறுபடியும் செவுத்தப் பார்த்துப் படுத்துட்டாருண்ணா" என்று மட்டும்தான் சொன்னாள். மில் மூடிய பிறகு அவன் அப்படிப் படுத்திருந்த காலம் அவருக்குத் தெரியும். சோற்றுத் தட்டை அவன் முதுகுப் பக்கம் வைத்துவிட்டு, தின்றானா என்று கதவிடுக்கில் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த வாடகை வண்டி வந்த பிறகுதான் அவன் எழுந்து சவரம் செய்தான், தலை சீவினான், குழந்தையிடம் குரலை உயர்த்திப் பேசினான்.

இன்னும் கொஞ்சம் சூடு காட்டினார்.

அடுத்தது கண் இமைப்பதற்குள் நடந்தது. நிறம் மாறவே இல்லை. கைதான் நடுவில் தளர்ந்து, கொடியில் போட்ட ஈரத்துணி போலத் தொங்கியது.

"ஜாக்கி! ஜாக்கியக் கீழ குடு!"

டார்ச்சை அணைத்துவிட்டு அவரே பாய்ந்து முட்டுக் கொடுத்தார். முன்னால் சங்கிலி மாட்டி இழுத்தார். குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பது போல மரச் சுத்தியலால் தட்டினார். வேர்வை கண்ணில் இறங்கியது. ஆறியதும் நூல் பிடித்துப் பார்த்தார். குறுக்காகவும் நெடுக்காகவும் வலது கையோடு வைத்து அளந்தார். மயிரிழை பிசகில்லை.

தங்கை புருஷன் விசிலடித்தான். "உனக்குப் பேர் வெச்சவன் வாயில சக்கரை போடணும் மச்சான்!"

நிமிர்த்தி ஒரு கூர் உளியை எடுத்து, அடிபடாத வலது கையில் வைத்து லேசாக ஒரு தட்டுத் தட்டினார். எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி விழுந்தது. அதே உளி, அதே தட்டு, இப்போது இடது கையில். உளி நுனி பழத்தில் இறங்குவது போல உள்ளே இறங்கியது. அந்தக் குழியை விரலால் தடவியபடி அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நேராயிடுச்சு மாப்ள."

"அதான் பார்க்குறேனே."

"நேராத்தான் ஆயிருக்கு. சரியாகல."

"நேரானா சரிதான மச்சான்?"

இத்தனை வருஷத் தொழிலில் அவரும் இரண்டையும் ஒரே சொல்லாகத்தான் வைத்திருந்தார்.

"இதுல இருந்த பலம் போயிடுச்சு. அளவுக்கு மேல சூடு வெச்சுட்டேன், அது சொல்லல. முட்டுனா இந்தக் கைதான் மெல்ல மெல்ல மடங்கி அடிய வாங்கிக்கணும். இனிமே வாங்காது. அப்படியே உள்ள விட்டுடும்."

"யாரு வந்து முட்டப்போறா?"

"போன தடவை யாரைக் கேட்டு முட்டுனாங்க?"

அவன் எழுந்து வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தான். "மேல ஒரு இரும்புத் தகடு வெச்சு வெல்டு அடிச்சுடு. உனக்குத் தெரியாததா?"

"இரும்பு இதோட ஒட்டாதுப்பா. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. போல்ட்டுப் போட்டுச் சேர்த்தாலும் ஈரம் பட்டுப் பட்டு இது அரிச்சுப் போகும்."

டீ பிளாஸ்க்கோடு வந்த தங்கை வாசலிலேயே நின்றாள். வண்டியைப் பார்க்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தாள், பிறகு அண்ணன் முகத்தை.

"என்னண்ணா?"

சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் டீயை ஊற்றியபடி கேட்டாள்.

"தெரியாத வேலையில ஏண்ணா கைய வெச்ச?"

"தெரியும்னு நெனச்சேன்."

"நீ தொடுறதுக்கு முன்னாடியே கெட்டுத்தான இருந்துச்சு?"

அவள் தனக்கு ஒரு வாசலைத் திறந்துவிடுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அதில் நுழைந்துகொண்டிருக்கலாம்.

"வளைஞ்சுதான் இருந்துச்சு. வளைஞ்சாலும் உசுரு இருந்துச்சு. நான்தாம்மா அதைப் போக்குனேன்."

டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள். "எந்தப் பக்கம்?"

"இடது."

"நான் உக்காரற பக்கம்."

"நீ பின்னாடி உக்காந்துக்கோ" என்றான் புருஷன்.

"பின்னாடி சவாரி உக்காருமே."

"முன்னாடி ஒருத்தரையும் ஏத்த மாட்டேன். போதுமா? சீட்டு மேல பையப் போட்டு வெச்சுடுறேன். மெதுவா ஓட்டுறேன். மாட்டுவண்டி முந்திட்டுப் போகட்டும், சிரிச்சுக்கிட்டே வழி விடுறேன்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"எடுக்காத மாப்ள" என்றார் நிமிர்த்தி. "வேணாம். என் பேச்சக் கேளு."

"கேக்குறேன். கேட்டுட்டு?"

நிமிர்த்தி தங்கையைப் பார்த்தார். ஒரு சொல் அவள் சொன்னால் போதும், அவன் சாவியைக் கீழே வைத்துவிடுவான். அவள் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க" என்றாள் கடைசியில். "நாளைக்கு எத்தன மணிக்கு எழுப்பணும்?"

அவன் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த முன் பம்பரை எடுத்துவந்து வண்டியின் முகத்தில் பொருத்திப் பார்த்தான். அது ஒரு ஆள் மாட்டுகிற சாமான் இல்லை. வலது முனையைச் செருகினால் இடது முனை நழுவி விழுந்து சிமெண்ட் தரையில் உரசியது. மறுபக்கம் ஓடி அதைத் தூக்கினான், வலது முனை கழன்றது. முழங்காலால் முட்டுக் கொடுத்தான். வயிற்றால் தாங்கினான். மறுபடி விழுந்தது. யாரையும் கூப்பிடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

டீ ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. நிமிர்த்தி தரையில் கை ஊன்றி எழுந்தார். போய் இடது முனையைப் பிடித்தார்.

"தூக்கு" என்றான் அவன், முகத்தைப் பார்க்காமல்.

தூக்கினார். அந்தப் பக்கத்திலிருந்து பம்பரின் கிளிப்புகள் ஒவ்வொன்றாக டக்கென்று பூட்டிக்கொண்டு வந்தன. இடுக்கு வழியாகத் தெரிந்த அந்த வெளுத்த கை, ஒவ்வொரு சத்தத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் மறைந்துகொண்டிருந்தது. கடைசிக் கிளிப்பு அவர் கைக்கு அடியில் இருந்தது, அவர்தான் அழுத்த வேண்டும். அவன் காத்துக்கொண்டு நின்றான்.