இல்லாத கண்ணாடி

லேசர் ஆபரேஷன் பத்தே நிமிஷம்தான். கண்ணை மரத்துப்போக வைத்த சொட்டுமருந்தின் வேகம் வீடு வந்ததும் தீர்ந்தது, அப்புறம் ஆரம்பித்தது கூத்து. இரண்டு கண்ணிலும் மணலையும் மிளகாய்ப் பொடியையும் கலந்து தூவினது போல எரிச்சல். கண்ணீர் தானாகக் கொட்டியது. மாத்திரை போட்டுக் கண்ணை மூடிப் படுங்கள், ஆறு மணி நேரத்தில் அடங்கும், ஆனால் கை மட்டும் படக்கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கருவிழிமேல் அறுத்து மூடிய மெல்லிய தோல் நகர்ந்தால் பார்வைக்கே ஆபத்து.

எனக்கு எட்டு வயதிலிருந்து கண்ணாடி. வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடுவதே சோடாபுட்டி என்றுதான். நாங்கள் நடத்துவது சலவைக்கடை, இஸ்திரி என் வேலை. ஆவியில் கண்ணாடி மங்கும், வியர்வையில் வழுக்கும். வலது கையில் பெட்டி இருப்பதால் இடது கை விரல் முட்டியால் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டே இருப்பேன். போன மாதம் கண்ணாடி மங்கிய நேரத்தில் ஒருவருடைய கோட்டைக் கருக்கிவிட்டேன். அன்றைக்கே ஆபரேஷன் என்று முடிவு செய்தேன். இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே என்று இவர் தலைபாடாக அடித்துக்கொண்டார். நான் கேட்கிற ஜாதியா?

சாயங்காலம் மருந்து விடுவதற்காக இவர் என் கண்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றிவிட்டு, ஃபிரிட்ஜிலிருந்து சொட்டுமருந்து எடுக்கப் போனார். மூக்கோரம் கண்ணீர் வழிந்தது. வழுக்குகிறது என்று நினைத்ததோ என்னவோ, இடது கை தானாக எழுந்து, இல்லாத கண்ணாடியைத் தூக்கிவிட்டது. விரல் முட்டி நேராகக் கண்ணில் இடித்தது.

உயிரே போய்விட்டது. இவர் போன் செய்ததும் டாக்டரம்மா உடனே வரச் சொன்னார். ஆட்டோவில் போகும்போது வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. ஒரு கண் போனால் இஸ்திரி எப்படிப் போடுவது, இவர் முகத்தில் எப்படி முழிப்பது?

"நீங்க சொன்னதைக் கேட்டிருக்கலாங்க."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நீ கண்ணை மூடிட்டு இரு."

அவர் என் இடது கையை இறுக்கிப் பிடித்திருந்தார், திருடனைப் பிடித்த மாதிரி.

டாக்டரம்மா விளக்கைக் காட்டி இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் தோல் நகரவில்லை, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்றார். ஆனால் இன்னொரு தடவை இடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாதாம். கண் பிழைத்துவிட்டது, கைக்குத்தான் இப்போது பயந்தேன். முப்பது வருஷப் பழக்கம், நான் சொன்னால் கேட்குமா? வீட்டில் அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை இவர் என் பழைய கண்ணாடியைக் கொண்டுவந்தார். தடித்த வில்லைகள் இரண்டையும் கழற்றியிருந்தார், வெறும் பிரேம்.

"கண்மேல இருக்கிற மூடியை எடுக்கிறப்பல்லாம் இதைப் போட்டுக்க. கை தேடிட்டு வந்தா அங்க ஏதாவது இருக்கணுமில்ல."

மாட்டிக்கொண்டேன். மருந்து விட்டார், சொட்டு மூக்கோரம் வழிந்தது. சொல்லி வைத்தாற்போல இடது கை எழுந்து வந்தது. நகர்ந்தது பிரேம் மட்டும்தான்.